பனிமலைக்கு அடியில் ஓர் அதிகாரி

டோர்வால் ஊரில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் காபி கொடுப்பார்கள். அறவே பிடிக்கவில்லை என்றால் கூடவே ஒரு துண்டு எலுமிச்சைக் கேக்கும் வரும். பள்ளி மாவட்ட அலுவலகத்தில் அன்று காலை துப்பறியும் ஐலா ரௌட்டியோவின் முன்னால் காபி, கேக், துடைத்துக்கொள்ளக் காகிதம் எல்லாம் வரிசையாக வந்து இறங்கியதைப் பார்த்த உதவியாளன் மைலோ பெட்ரிச், ஓடுவதற்கு வசதியாகக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்து வைத்துக்கொண்டான்.

"சாப்பிடுங்க," என்றாள் செயலாளர் அர்டிஸ். விஷத்தை ஊற்றிக் கொடுப்பவர்கள்கூட அதைவிடக் கனிவாகச் சொல்லியிருப்பார்கள்.

"சம உரிமை அதிகாரியைப் பாக்கணும்," என்றாள் ஐலா.

"இப்பதான் கிளம்பினார்."

"நேத்தும் இப்பதான் கிளம்பினார்னு சொன்னீங்க."

"நேத்தும் கிளம்பினார். தினமும் கிளம்புவார். வேலைக்கு வர்றவங்க அப்படித்தான்."

"வந்ததை யாராவது பாத்தீங்களா?" என்றான் மைலோ. "வராமலே கிளம்பறதுன்னா அது தனித் திறமைதான்."

அர்டிஸ் அவனுடைய கோப்பையில் பாதி காபி இருக்கும்போதே அதை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள்.

மைலோ முன்பு உள்ளூர் ரேடியோவில் ஐஸ் ஹாக்கி வர்ணனையாளன். சொந்த ஊர் கோல்கீப்பருக்குப் பதிலாக ஒரு நாற்காலியை நிறுத்தியிருந்தால் தோல்வி கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும் என்று நேரலையில் சொன்னதோடு அந்த வேலை முடிந்தது. ஐலா அதற்கு முன்பே வேறு ஒரு வேலையை முடித்திருந்தாள். டுலூத் நகரத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்துபோன வீடுகளைப் பார்த்துப் பார்த்து, அவள் முகத்திலிருந்து வியப்பு என்ற ஒன்றே எரிந்துபோயிருந்தது.

விஷயம் இதுதான். மத்திய அரசிடம் பணம் வாங்கும் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும், 'இனம், நிறம், ஊனம், ஆண், பெண் என்று எந்தப் பிள்ளையையும் நாங்கள் பிரித்து நடத்துவதில்லை. அப்படிப் புகார் வந்தால் விசாரிக்க ஓர் அதிகாரி இருக்கிறார்' என்று உறுதிச்சான்றில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் பணம் இல்லை. டோர்வாலில் அந்தப் பணத்தில்தான் வாசிப்பு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் சம்பளம் வாங்கினார்கள். பாதிப் பிள்ளைகள் மதியம் சாப்பிட்டார்கள். அன்று மாலை பள்ளிக் குழுக் கூட்டம். மாநிலக் கல்வித் துறையிலிருந்து ஒருவர் வந்து உட்காருவார். மாவட்டப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் கண்காணிப்பாளர் வெர்லின் ஆஸ்டர்பெக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். எல்லாரும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இதற்குக் குறுக்கே வந்து நின்றாள் லோர்னா குட்ஸ்கை என்ற ஓஜிப்வே பழங்குடிப் பெண். ஏரிக்கரையில் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பின் முனை வரை பள்ளி பஸ் வந்துகொண்டிருந்தது. இலைகள் உதிரும் காலத்தில் ஒரு நாள் ஓட்டுநர் டுவேன் ஸ்கோக்மோ அதை நிறுத்திவிட்டான். அங்கே வண்டி திருப்ப இடம் இல்லையாம். அதற்கு முந்தின வாரம்தான், 'எங்க பிள்ளைங்களை மட்டும் ஏன் பின்சீட்டுக்குத் துரத்துற?' என்று லோர்னா அவனை நேருக்கு நேர் கேட்டிருந்தாள். பஸ் நின்ற பிறகு மற்ற வீட்டுக்காரர்கள் பிள்ளைகளைக் காரில் கொண்டுபோய் விட்டார்கள், விடியும் முன்பே வேலைக்குப் போகும் லோர்னாவால் அது முடியவில்லை. அவள் மகள், ஒன்பது வயது டெஸ்ஸா, நெடுஞ்சாலை வரை நடந்து போய் பஸ் பிடிக்க வேண்டும். பனிப்புயல் அடித்த நாட்களில் அவள் போகவில்லை. டோர்வாலில் பனிப்புயல் அடிக்காத நாட்களை எண்ணுவது சுலபம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத தாய் என்று கவுண்ட்டி நீதிமன்றம் திங்கட்கிழமை லோர்னாவை வரச் சொல்லியிருக்கிறது. நீதிபதிக்கு மனம் வந்தால் டெஸ்ஸாவை வேறு வீட்டில் வளர்க்கச் சொல்லி உத்தரவு போடலாம். லோர்னாவின் குடும்பத்தில் முன்பும் அப்படிப் பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு.

டுவேன் மீது லோர்னா சம உரிமை அதிகாரிக்குப் புகார் அனுப்பினாள். விசாரிக்கப்பட்டது, தவறில்லை என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி விசாரிக்கப்பட்டது, மறுபடி தவறில்லை. அடியில் பதவி இருந்தது, பெயர் இல்லை. பெயரைக் கேட்டதற்கு அது ரகசியம் என்றார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க லோர்னா அமர்த்தியதால்தான் ஐலா இப்போது கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. கண்காணிப்பாளர் ஆஸ்டர்பெக் வெளியே வந்தார். சலவை செய்து மடித்து வைத்தது போன்ற மனிதர்.

"மிஸ் ரௌட்டியோ, நீங்க டுலூத்காரங்க. அங்க எந்த அதிகாரியும் ஜன்னல்ல உக்காந்து தன்னைக் காட்டிக்கணும். இங்க அமைதியா வேலை பாக்கறாங்க. வெளியில போய்ப் பாருங்க, அவருக்குன்னு தனியா பார்க்கிங் இடமே இருக்கு. பலகையோட. போன வருஷம் தணிக்கைக்கு வந்தவங்க அதைப் பாத்துப் பாராட்டிட்டுப் போனாங்க."

"இடத்தைப் பாத்தாங்க. ஆளைப் பாத்தாங்களா?"

"இடம் இருந்தா ஆள் இருக்கார்னுதானே அர்த்தம்."

"எங்க சித்தப்பாவுக்குக் கல்லறையில இடம் இருக்கு சார்," என்றான் மைலோ. "ஆள் இன்னும் ஏரியில மீன் பிடிச்சிட்டிருக்கார்."

கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை. "அர்டிஸ், இவங்களுக்கு இன்னொரு துண்டு கேக் கட்டிக் குடு," என்றார்.

டோர்வாலில் அது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம்.

*

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அவர்களுக்காக ஒரு மலை காத்திருந்தது.

நவம்பரிலிருந்து தள்ளிய பனியெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, அலுவலகத்தின் கூரைக்கு மேல் எழும்பி நின்றது. உச்சியில் பிள்ளைகள் கொடி நட்டிருந்தார்கள். ஜனவரியில் அதன் மேல் ஏறிய ஒரு நாய், இறங்க வழி தெரியாமல் அங்கேயே இரண்டு குட்டி போட்டுவிட்டதாகச் சொல்வார்கள். நாயின் சொந்தக்காரர் இதை இன்றுவரை மறுக்கவில்லை.

மைலோ பாதி மலை ஏறி, பூட்ஸ் காலால் பனியைக் கிளறினான். ஒரு கம்பத்தின் நுனி தெரிந்தது. இன்னும் கிளறினான். பச்சைப் பலகை ஒன்று தலைகாட்டியது.

"சம உரிமை அதிகாரிக்கு மட்டும்," என்று படித்தான். "மேடம், அதிகாரி உள்ள இருக்காரான்னு தட்டிப் பாக்கட்டுமா?"

ஐலா மலையைப் பார்க்கவில்லை. மற்ற இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் இடம் துடைத்துவிட்டது போல இருந்தது. அர்டிஸ் இடமும் அப்படியே. ஓரத்தில் இசை ஆசிரியையின் இடம். பிள்ளைப்பேற்றுக்குப் போன அவள் பனிக்காலம் முழுவதும் வேலைக்கு வரவில்லை. அந்த இடத்திலும் தரை கறுப்பாகத் தெரிந்தது. ஒரு கை பனி கிடையாது.

எங்கள் வட்டாரத்தில் ஒருவன் இடத்தில் இன்னொருவன் பனியைத் தள்ளுவது சாதாரணக் காரியம் அல்ல. டோர்வாலில் இரண்டு லூத்தரன் தேவாலயங்கள் இருப்பதற்குக் காரணத்தை வேதத்தில் தேட வேண்டாம். ட்வெடன் வீட்டுக்காரர் ஒரு காலையில் ஹாகன் வீட்டு வாசலில் தள்ளிவிட்ட பனிதான் காரணம்.

பின்னாலிருந்து உறுமல் கேட்டது. பனி தள்ளும் வண்டி வந்து மைலோவின் காலுக்குக் கீழே நின்றது. ஜன்னலில் ஓர் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பியும் அதற்கு அடியில் டுவேன் ஸ்கோக்மோவும் தெரிந்தார்கள்.

"கீழ இறங்குடா."

"காட்சி நல்லா இருக்கே," என்றான் மைலோ. "இங்கேருந்து உங்க பஸ் தெரியுது. ஏரிக்கரைக் குடியிருப்பும் தெரியுது. ரெண்டும் இவ்வளவு பக்கத்துல இருக்கறதை உங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

"ரேடியோவுல உன் குரல் நின்ன அன்னிக்குத்தான் எங்க வீட்டு நாய் நிம்மதியா தூங்குச்சு. இறங்கு."

"பனி தள்றதும் நீங்கதானா?" என்று கேட்டாள் ஐலா.

"காலையில பனி, அப்புறம் பஸ். சாயங்காலம் பஸ், அப்புறம் பனி. கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கறவங்களுக்கு அதெல்லாம் புரியாது."

"சம உரிமை அதிகாரியைத் தெரியுமா?"

"நேருக்கு நேர் பாத்ததில்ல."

"அவர் இடம் இந்த மலைக்கு அடியில இருக்கு."

"பனி எங்கயாவது போய்த்தானே ஆகணும்."

"அதோ ஒரு இடம் சும்மா கிடக்கே. இசை டீச்சரோடது. அவங்கதான் வர்றதே இல்லையே, அங்க கொட்டியிருக்கலாமே."

டுவேன் ஜன்னலை முழுவதும் இறக்கினான். முகம் சிவந்துபோயிருந்தது. குளிரினால் அல்ல.

"அடுத்தவங்க இடத்துலயா? என்னை என்ன மாதிரி ஆளுன்னு நினைச்சீங்க?"

"தப்புதான்," என்றாள் ஐலா. "மன்னிச்சுக்கோங்க."

மைலோ மலையிலிருந்து உருண்டு விழுந்தது அப்போதுதான். வழுக்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஐலா ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு அதற்கு முன் பார்த்ததே இல்லை, அந்த அதிர்ச்சியில் கால் தவறிவிட்டது என்பது மைலோவின் கட்சி.

அவர்களுடைய காரில் ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று இறங்கியிருந்தது. டோர்வால் மரியாதை தெரிந்த ஊர். எல்லாச் சக்கரத்திலும் இறக்க மாட்டார்கள்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றான் மைலோ, சக்கரத்தை மாற்றிக்கொண்டே. "அதிகாரின்னு ஒரு ஆளே கிடையாது. பலகை மட்டும்தான். அந்தப் பலகைக்கும் நிமோனியா."

"லோர்னா வீட்டுக்கு விடு," என்றாள் ஐலா.

*

லோர்னா குடியிருப்பு மருத்துவமனையில் பல் மருத்துவருக்கு உதவியாளர். விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. விருந்தாளிகளுக்குக் காபி கொடுக்கவில்லை. அந்த ஊரில் அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல சகுனம் அது.

"பேரைக் கண்டுபிடிச்சீங்களா?"

"சாயங்காலம் கூட்டத்துல, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லப் போறேன்," என்றாள் ஐலா.

"சொல்லப் போறீங்களா, நிரூபிக்கப் போறீங்களா?"

"சொல்லப் போறேன்."

லோர்னா கைகளைக் கட்டிக்கொண்டாள். "ஆளே இல்லைன்னா என் புகார் என்ன ஆகும்? திங்கட்கிழமை நீதிபதிகிட்ட, விசாரிச்ச ஆளே இல்லீங்கன்னு சொன்னா, அப்ப விசாரணையும் இல்ல, புகாரும் இல்ல, நீ பிள்ளையை அனுப்பலங்கறது மட்டும்தான் இருக்கும்பார். உங்களை நம்பினதுக்கு நான் அந்தப் பல் டாக்டரையே வக்கீலா வச்சிருக்கலாம்."

"அவரு வலிக்காம எடுப்பாரா?" என்றான் மைலோ.

"நீங்க பேசாம இருங்க."

"ரெண்டு பேரும் பேசாம இருக்கணும்," என்றாள் ஐலா. "லோர்னா, முக்கியமா நீங்க. கூட்டத்துல அவங்க என்ன சொன்னாலும் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாலும் சரி."

"சிரிச்சா நானும் சேந்து சிரிப்பேன். நான் வாயை மூடிட்டு இருந்த வரைக்கும் என் பொண்ணு பின்சீட்லயாவது போயிட்டிருந்தா. திறந்தேன், பஸ்ஸே போச்சு. இப்ப மறுபடி மூடச் சொல்றீங்க."

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும்."

காலைப் பனிப்புயலால் அன்றும் பள்ளிக்குப் போகாத டெஸ்ஸா மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மைலோவின் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலிக்கு அருகில் இருந்த ஒரு பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினாள். அது பள்ளிப் பை அல்ல. துணிகள் அடைத்த பை.

"திங்கட்கிழமைக்கு," என்று சொன்னாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அம்மாவுக்குத் தெரியாது."

மைலோவுக்கு அதற்கு எந்த நகைச்சுவையும் தோன்றவில்லை. காரில் திரும்பும்போதும் தோன்றவில்லை.

*

கூட்டம் பள்ளி நூலகத்தில். பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகளில் ஊர் முழங்காலை மடித்து உட்கார்ந்திருந்தது. பள்ளிக் குழு நீள மேஜையின் பின்னால். மேஜை ஓரத்தில் மாநில அதிகாரி மாய் சியோங், மாநிலத் தலைநகர் செயின்ட் பாலிலிருந்து பனியில் கார் ஓட்டிக்கொண்டு வந்த களைப்போடு. அவர் முன்னால் அந்த உறுதிச்சான்று. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"அதுக்கு முன்னால பொதுமக்கள் பேசலாம்," என்றார் குழுத் தலைவர், யாரும் பேச மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது விதி. அதை அளக்கச் சமையலறைக் கடிகாரம் ஒன்று இருந்தது, கோழி வடிவத்தில். ஐலா எழுந்ததும் கோழியை அவர் கொஞ்சம் குறைவாகவே திருகினார்.

"இந்த மாவட்டத்துல சம உரிமை அதிகாரின்னு யாருமே கிடையாது," என்றாள் ஐலா. "பலகை இருக்கு. பலகை மேல மலை இருக்கு. நவம்பர்லேருந்து அந்த இடத்துல ஒரு கார் நின்னதில்ல. இல்லாத ஆளை இருக்கார்னு சொல்லித்தான் கண்காணிப்பாளர் இப்ப கையெழுத்துப் போடப் போறார். அதுக்குப் பேர் பொய்ச்சான்று."

"டுலூத்துக்கே திரும்பிப் போ," என்றது பின்வரிசை.

"எங்க பிள்ளைங்க தட்டுல இருக்கறதைப் பிடுங்க வந்தியா?" என்றாள் ஒரு பெண்.

"பிடுங்கறதுக்குக் கூலி வேற வாங்கறா."

மாய் சியோங் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதிகாரியோட பேர் என்ன, மிஸ்டர் ஆஸ்டர்பெக்?"

"அது ரகசியமா வச்சிருக்கோம். புகார் குடுக்கறவங்க பாதுகாப்புக்காக."

"என்கிட்டயுமா?"

"உங்ககிட்ட இல்ல. ஆனா இவ்வளவு பேர் முன்னால."

"இவ்வளவு பேர் முன்னால இல்லைன்னு சொல்லிட்டாங்க. இருக்கார்னும் இவங்க முன்னாலயே சொல்லுங்க. இல்லைன்னா நான் இந்தத் தாளை வாங்கிட்டுப் போக முடியாது."

எல்லாத் தலைகளும் ஐலாவின் பக்கம் திரும்பின. அந்தப் பார்வைகளில் சூடு இருந்திருந்தால் டோர்வாலில் அன்றைக்கே வசந்தம் வந்திருக்கும்.

அர்டிஸ் எழுந்து போய்க் கண்காணிப்பாளரின் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை படர்ந்தது.

"இந்தம்மா பாவம்," என்றார். "நகரத்துக்காரங்க. அதிகாரின்னா கார்லதான் வரணும்னு நினைச்சிட்டாங்க. இது சின்ன மாவட்டம். ஒரு ஆள் ரெண்டு மூணு வேலை பாப்போம். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. எங்க அதிகாரி கார் கொண்டு வர்றதில்ல, ஏன்னா அவர் வர்றது பஸ்ல. டுவேன், எழுந்திருப்பா."

டுவேன் ஸ்கோக்மோ எழுந்தான். குட்டி நாற்காலியும் அவனோடு சேர்ந்து கொஞ்ச தூரம் எழுந்தது.

நூலகம் கை தட்டியது. யாரோ காலால் தரையை உதைத்தார்கள். 'ஆளைப் பாத்துக்கோடி' என்று ஒரு குரல். அர்டிஸ் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"மேடம், பின்கதவு வரலாற்றுப் புத்தகங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கு," என்று மைலோ முணுமுணுத்தான்.

லோர்னா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள். ஐலா திரும்பி அவளைப் பார்த்தாள். லோர்னா உட்கார்ந்தாள், விளிம்பை விடவில்லை.

"என் நேரம் இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள் ஐலா.

குழுத் தலைவர் கோழியைப் பார்த்தார். "கொஞ்சம்."

"அதை மாநில அதிகாரிக்குக் குடுத்துடறேன். மிஸ் சியோங், இவர் கடைசியா விசாரிச்ச புகார் என்னன்னு கேளுங்க."

மாய் சியோங் டுவேனைப் பார்த்தார். "சொல்லுங்க."

"ஒரே புகார்தான் வந்துச்சு. ரெண்டு தடவை வந்துச்சு."

"யார் மேல?"

டுவேன் கண்காணிப்பாளரைப் பார்த்தான். கண்காணிப்பாளர் அர்டிஸைப் பார்த்தார். அர்டிஸ் கூரையைப் பார்த்தாள்.

"பஸ் ஓட்டுநர் மேல," என்றான் டுவேன்.

"ஓட்டுநர் பேர்?"

"ஸ்கோக்மோ."

"உங்க பேர்?"

"அதேதான்."

கை தட்டிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் விஷயம் புரியாமல் இன்னும் தட்டினார். பிறகு அவரும் நிறுத்தினார்.

"விசாரிச்சீங்களா?"

"நல்லாவே விசாரிச்சேன்."

"எப்படி?"

"கேட்டேன். நான் அப்படி எதுவும் செய்யலைன்னு சொன்னேன்."

"நம்பினீங்களா?"

டுவேன் யோசித்தான். பொய் சொல்லும் ஆள் இல்லை, பழக்கம் இல்லாததால். "முதல் தடவை கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு," என்றான். "அதனாலதான் ரெண்டாவது தடவையும் கேட்டேன்."

"குடியிருப்பு முனையில வண்டி திருப்ப இடம் இல்லைன்னு முடிவு பண்ணினது யாரு?"

"ஓட்டுநர்."

"அது சரியான்னு போய்ப் பாத்தது?"

"அதிகாரி."

"டுவேன், உக்காரு," என்றார் கண்காணிப்பாளர்.

"நில்லுங்க," என்றார் மாய் சியோங். பேனாவை மூடினார். "மிஸ்டர் ஆஸ்டர்பெக், ஆளே இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, சீக்கிரம் ஒருத்தரைப் போடுங்கன்னு அவகாசம் குடுத்துட்டுப் போயிருப்பேன். அலுவலகக் குறைபாடு, அவ்வளவுதான். புகாருக்கு ஆளான ஆளையே நீதிபதியா உக்கார வச்சு, எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு மத்திய அரசுக்குக் கையெழுத்துப் போடறது வேற விஷயம். இன்னிக்கு நீங்க இதுல கையெழுத்துப் போட வேண்டாம்."

"அந்தப் பணம் இல்லைன்னா நாங்க பள்ளிக்கூடம் நடத்த முடியாதுங்க."

"அப்ப கேளுங்க. நாளைக்குக் காலையில பஸ் அந்த முனைக்குப் போகணும். வெளியாள் விசாரிச்சு முடிக்கற வரைக்கும் இவர் பஸ்ல ஏறக் கூடாது. அந்தப் பொண்ணு வராம போனது மாவட்டத்தோட தப்புன்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுங்க. அதுக்கப்புறம் இந்தத் தாளைப் பத்திப் பேசலாம்."

கோழி கூவியது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை.

யாரை வெறுப்பது என்று தெரியாமல் ஊர் சற்று நேரம் தவித்தது. டுவேன் அவர்களுடைய ஆள். கண்காணிப்பாளரும் அவர்களுடைய ஆள். கடைசியில், ஏற்கெனவே பழகியிருந்த காரணத்தால், ஐலாவையே தொடர்ந்து வெறுப்பது என்று முடிவு செய்தார்கள்.

லோர்னா எழுந்தாள். "இப்ப பேசலாமா?" என்று ஐலாவிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் கண்காணிப்பாளரின் மேஜைக்குப் போனாள்.

"எழுதுங்க."

"திங்கட்கிழமைக்குள்ள அனுப்பிடறோம், மிஸஸ் குட்ஸ்கை."

"உங்க அனுப்பறதெல்லாம் எனக்குத் தெரியும். இப்பவே எழுதுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

அர்டிஸ் தட்டச்சு செய்தாள். லோர்னா அவள் தோளுக்கு மேல் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள். ஓர் இடத்தில் 'வருந்தத்தக்க சூழ்நிலை' என்று வந்தது. அதை எடுக்கச் சொன்னாள். 'எங்கள் தவறு' என்று போடச் சொன்னாள். அர்டிஸ் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். கண்காணிப்பாளர் சுவரைப் பார்த்தார். அர்டிஸ் மாற்றினாள்.

தாழ்வாரத்தில் மைலோ ஐலாவை மடக்கினான். "டுவேன்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ மலையிலேருந்து விழறதுக்குக் கொஞ்சம் முன்னால. வராத டீச்சர் இடத்துல ஒரு கை பனி போடச் சொன்னதுக்கே அவனுக்கு முகம் சிவந்துபோச்சு. அடுத்தவங்க இடத்துலயான்னு கேட்டான். அதே ஆள் அதிகாரி இடத்துல மலையே கட்டி வச்சிருக்கான், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாம. அப்ப அது யாரோட இடம்?"

மைலோ விசில் அடித்தான். "அப்புறம் ஏன் ஆளே இல்லைன்னு சொல்லி எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினீங்க?"

"டுவேன்தான்னு நான் சொல்லியிருந்தா, இல்லவே இல்லைன்னு சாதிச்சு, அர்டிஸை எழுப்பி விட்டிருப்பாங்க. இல்லைன்னு சொன்னதால அவங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க."

"மன்னிப்புக் கேட்டதும் நடிப்பா?"

"அது நிஜம். அடுத்தவங்க பார்க்கிங் இடத்துக்கு அவ்வளவு மரியாதை குடுக்கற ஆளை நான் பாத்ததில்ல. அதுல கால்வாசி அடுத்தவங்க பிள்ளைக்கும் குடுத்திருந்தா நமக்கு வேலையே இருந்திருக்காது."

காருக்குப் போனார்கள். இந்தத் தடவை வேறொரு சக்கரம்.

*

டோர்வால் பள்ளி மாவட்டத்தில் பஸ் ஓட்ட உரிமம் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவனை இறக்கியாகிவிட்டது. மற்றவர், ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாத நாளில் ஆபத்துக்கு உதவட்டும் என்று எப்போதோ உரிமம் எடுத்து வைத்திருந்த கண்காணிப்பாளர்.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் பஸ் ஏரிக்கரைக் குடியிருப்பின் முனைக்கு வந்து நின்றது. லோர்னா வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு அங்கே நின்றிருந்தாள். டெஸ்ஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஐலாவின் காரில், மைலோ கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸின் கதவு மடிந்து திறந்தது. உள்ளே ஆஸ்டர்பெக், கழுத்தில் டை, தலையில் அவசரத்தில் கிடைத்த யாருடைய கம்பளித் தொப்பியோ.

"ஏறு," என்றார்.

டெஸ்ஸா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். லோர்னா கையை விட்டாள். கண்காணிப்பாளரும் லோர்னாவும் ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருமே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பஸ் புறப்பட்டது. நெடுஞ்சாலை வந்ததும் ஆஸ்டர்பெக் வேகத்தைக் குறைத்தார். இடது பக்கமும் பனி, வலது பக்கமும் பனி. பல வருடமாகத் தான் நடத்திவரும் மாவட்டத்தில் பிள்ளைகள் எங்கெங்கே நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

"அடுத்த ஸ்டாப் எந்தப் பக்கம்?"

டெஸ்ஸா ஜன்னலைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

"தெரியாது," என்றாள். "நான் இந்த பஸ்ல வந்து ரொம்ப நாளாச்சு."